எலிக்கு மாமியார் கிடையாது, ஹார்மோன் இருக்கு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை வாசகர் கடிதம் பகுதியில ஒரு அண்ணன் எழுதியிருந்தாரு, இந்தக் காலத்துப் பொம்பளைங்க எதுக்கெடுத்தாலும் ஹார்மோன் ஹார்மோன்னு சாக்கு சொல்றாங்க, எங்க பாட்டியெல்லாம் விடியறதுக்கு முன்னாடியே பெரட்டுக்கு (காலையில ஆள் கணக்கு எடுக்கிற எடம்) போயி, ரப்பர் பால் வெட்டி, வாளி சுமந்து, வீட்டுக்கு வந்து சமைச்சும் போட்டாங்க, அவங்களுக்கு என்ன ஹார்மோனா இருந்துச்சுன்னு. இருந்துச்சுண்ணே. உங்க பாட்டிக்கும் இருந்துச்சு, எங்கம்மாவுக்கும் இருந்துச்சு, நம்ம தோட்டத்துல செம்பனை (எண்ணெய்ப் பனை) பழத்தைக் கொறிச்சுட்டு ஓடுற பொம்பளை எலிக்கும் இருக்கு. நான் இந்தக் கடிதம் எழுதுறதே அந்த எலியைப் பத்தித்தான், சிரிக்காதீங்க.

நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு தோட்டத்துல பொறந்து வளந்தவ. இப்ப லயத்தையெல்லாம் (தொழிலாளிங்க வரிசை வீடு) இடிச்சுட்டாங்க, ரப்பர் மரம் போயி செம்பனை வந்துருச்சு, நாங்களும் டவுன்ல வீடு வாங்கி வந்துட்டோம். பாலர் பள்ளியில ரொம்ப வருஷம் டீச்சரா இருந்தேன். விஞ்ஞானம் படிச்சவ இல்ல. ஆனா என் மக கோலாலம்பூர்ல ஒரு பல்கலைக்கழகத்து லேப்ல வேலை செய்யுது, அது வேலையே எலி பாத்துக்கிறதுதான். மொதல்ல எனக்குக் கேவலமா இருந்துச்சு, இவ்வளவு படிக்க வெச்சு கடைசியில எலிக் கூண்டு கழுவுறதான்னு. அப்புறம் ஒவ்வொரு லீவுக்கும் வர்றப்ப அது சொல்லச் சொல்ல, எனக்கு எங்கம்மா ஞாபகம் வந்துச்சு. ஏன்னு சொல்றேன்.

1986ல எங்கம்மாவுக்கு வயசு 44. வயித்துல கட்டின்னு ஆபரேஷன் பண்ணி கர்ப்பப்பையை எடுத்தாங்க, கூடவே ரெண்டு பக்கத்து சினைப்பையையும் (கருமுட்டை உண்டாகுற எடம், பொம்பளை ஹார்மோன் சுரக்கிறதும் அங்கதான்) எடுத்துட்டாங்க. எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல மாட்டேன், அது முக்கியமும் இல்ல. எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, பேப்பர்ல கைநாட்டு வெச்சாங்க, எதை எடுத்தாங்க, எடுத்தா என்ன ஆகும்னு அவங்களுக்குப் புரியற மாதிரி யாரும் தமிழ்ல சொல்லல. ஒரு மிஸ்ஸி (நர்ஸ்) மட்டும் "இனிமே மாச வேலை இல்ல, நிம்மதி"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னதா அம்மா சொல்வாங்க.

நிம்மதியா? ஒரு மாசத்துக்குள்ள அம்மா வேற ஆளா ஆயிட்டாங்க. ராத்திரி பூரா தூக்கம் இல்ல, சிமெண்ட் தரையில ஈரத் துண்டைப் போட்டுப் படுத்திருப்பாங்க, திடீர்னு எழுந்து உக்காந்து நெஞ்சு படபடன்னு அடிக்குதும்பாங்க. ஐநூறு மரத்துக்கு மேல வெட்டினவங்க, எந்த நெரை எங்க முடியுதுன்னு இருட்டுலயே சொல்றவங்க, வெட்டின மரத்துக்கே திரும்பப் போயி நிப்பாங்க. மரத்துல பால் புடிக்கிற காலிக் கிண்ணத்தை (மங்கு) பாத்து அழுவாங்க, எதுக்கு அழுவுறோம்னு அவங்களுக்கே தெரியாது. அப்பா திட்டுவாரு. அப்பாவைப் பெத்த ஆயா, "இவளுக்குத் திமிரு, வேலைக்குப் போகாம இருக்க நடிக்கிறா"ன்னு லயம் முழுக்கச் சொல்லிட்டு வந்துச்சு. கடைசியில முனியாண்டி கோயில்ல கொண்டு போய் வேப்பிலை அடிச்சு கயிறு கட்டினாங்க. நான் பக்கத்துல நின்னு பாத்தேன், எனக்கு அப்ப பதினெட்டு வயசு. அடிக்கிறவரு ஒரு கேள்வி கேப்பாரு, அம்மா பேசாம என்னையே பாத்துக்கிட்டிருப்பாங்க.

சரி எலிக்கு வர்றேன்.

லேப்ல இருக்கிற எலி நம்ம தோட்டத்து எலி இல்ல, அது வேற இனம். வெள்ளையா, சிவப்புக் கண்ணோட, மனுசன் கையில ஏறி உக்காருற அளவுக்குப் பழகினது. தோட்டத்து எலிக்காவது கம்பத்து மேல கூடு கட்டி வெச்சு வளக்கிற ஆந்தைங்க பயம் இருக்கு, லேப் எலிக்கு அதுவும் இல்ல. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு லைட், கடன் கிடையாது, மாமியார் கிடையாது, குடிச்சுட்டு வர்ற புருஷன் கிடையாது. அதனால அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, "மனசுல என்னமோ வெச்சுக்கிட்டு நடிக்குது"ன்னு சொல்ல வழியே இல்ல. அதுதான் எனக்குப் புடிச்சது.

பொம்பளை எலிக்கு நம்மள மாதிரி 28 நாள் கணக்கு இல்ல, நாலஞ்சு நாளைக்கு ஒரு சுத்து. இதை ஒழுங்கா கணக்கு எடுத்துப் புத்தகமாப் போட்டவங்க கலிபோர்னியாவுல லாங், ஈவன்ஸ்னு ரெண்டு பேரு, 1922ல. இன்னைக்கும் லேப்ல லாங்-ஈவன்ஸ்னே ஒரு எலி ஜாதி இருக்கு, உடம்பு வெள்ளை, தலை மட்டும் கறுப்பு, முக்காடு போட்ட மாதிரி. என் மக தினமும் காலையில ஒவ்வொரு பொம்பளை எலிக்கும் கீழ துளி தண்ணி விட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்ல பாக்கும், செல்லு எப்படி இருக்குன்னு பாத்தே இன்னைக்கு இது எந்தக் கட்டத்துல இருக்குன்னு சொல்லிடும். "மா, எலிக்கு நான் நாள் குறிக்கிறேன்"னு சிரிக்கும். நம்மூர்ல பொண்ணுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்துறப்ப நேரம் குறிக்கிற ஐயர் மாதிரி.

இந்த நாலஞ்சு நாளுக்குள்ள எலி மூளைக்குள்ள என்ன நடக்குதுன்னு 1990ல நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்துல கேத்தரின் வூலி, புரூஸ் மெக்ஈவன் இவங்களெல்லாம் சேந்து பாத்தாங்க. ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ்னு ஒரு இடம் இருக்கு, அங்க நரம்பு செல்லோட கிளையில முள்ளு மாதிரி சின்னச் சின்னதா நீட்டிக்கிட்டிருக்கும், ஒரு செல்லு இன்னொரு செல்லோட பேசுறது அந்த முள்ளு வழியாத்தான். சினைப்பையில சுரக்கிற ஈஸ்ட்ரோஜன்ங்கிற ஹார்மோன் உச்சத்துல இருந்து இறங்கின ஒரே நாள்ல அந்த முள்ளுல பத்துக்கு மூணு பங்கு குறைஞ்சு போச்சு. அடுத்த சுத்துல திரும்ப வளந்துச்சு. ஒரே நாள்ல ஐயா! அதுவரைக்கும் வளந்த மூளை சுவரு மாதிரி, ஒருதரம் கட்டினா கட்டினதுதான்னு பெரும்பாலும் நெனச்சிட்டிருந்தாங்களாம். சினைப்பையை எடுத்துட்ட எலிக்கு அந்த முள்ளு சில நாள்லயே குறைஞ்சுது, ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டா குறையல.

இதைக் கேட்டப்ப நான் கையில இருந்த டீ கிளாஸைக் கீழ வெச்சுட்டேன். வெட்டின மரத்துக்கே திரும்பப் போயி நின்ன எங்கம்மா.

அந்த அண்ணனுக்கு ஒண்ணு சொல்லணும், இது மூளை கெட்டுப் போச்சுன்னு அர்த்தம் இல்ல. முள்ளு கூடுறதும் குறையறதும் சீசனுக்கு இலை கொட்டுற ரப்பர் மரம் மாதிரி, கொட்டுறதாலயே மரம் செத்ததா ஆகாது. ஆனா திடீர்னு ஒரே நாள்ல வேரோட எடுத்துட்டா அது சீசன் இல்லையே.

அடுத்தது புரோஜெஸ்டரோன், சினைப்பையில சுரக்கிற இன்னொரு ஹார்மோன். இதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெஸ்னு இன்னைக்கு நாம சொல்றோமே, அந்தச் சொல்லை டாக்டருங்க வாயில பழக்கி விட்டவரு ஹான்ஸ் செல்யே, கனடாவுல இருந்தவரு. 1941ல அவரு எலிக்குப் புரோஜெஸ்டரோனை நெறைய ஊசி போட்டுப் பாத்தப்ப எலி மயக்க மருந்து குடுத்த மாதிரி தூங்கிப் போச்சு. பிள்ளை பெத்துக்கிறதுக்கான ஹார்மோன் எதுக்குத் தூங்க வைக்கணும்? நாப்பது வருஷத்துக்கு மேல அதுக்குச் சரியான பதில் இல்ல. 1986ல, அதே எங்கம்மா ஆபரேஷன் வருஷம்தான், பதில் வந்துச்சு. புரோஜெஸ்டரோன் உடம்புக்குள்ள உடைஞ்சு அலோபிரெக்னனோலோன்னு ஒரு பொருளா மாறுது (என் மக நாலு தடவை சொல்லிக் குடுத்துத்தான் எனக்கு வாயில வந்துச்சு), அது மூளையில காபான்னு ஒரு ரசாயனம் வேலை செய்யற இடத்துல போய் ஒட்டிக்கிட்டு அதுக்குப் பலம் சேக்குது. காபான்னா மூளையோட பிரேக். செம்பனைக் குலை ஏத்தின லாரி மேட்டுல இருந்து இறங்குறப்ப டிரைவர் கால் பிரேக்ல இருக்கும்ல, இது அந்தக் காலு மேல இன்னொருத்தர் காலையும் வெச்சு அமுக்குற மாதிரி. தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரைன்னு குடுக்கிறதுல பலதும் அதே பிரேக்கைத்தான் புடிக்குது.

இப்ப அந்த ரெண்டாவது காலு திடீர்னு எடுத்துக்கிச்சுன்னா? அதையும் எலியிலயே பாத்தாங்க, 1998ல. புரோஜெஸ்டரோன் கொஞ்ச நாள் குடுத்துப் பழக்கிட்டு சட்டுன்னு நிறுத்தினா எலி பயந்து பயந்து ஓரமா ஒதுங்குது, வலிப்பு சுலபமா வருது, ஏன்னா அந்த பிரேக் இருக்குல்ல, அதோட உள் பாகமே மாறிப் போகுது, ஆல்பா-4ன்னு ஒரு பாகம் அதிகமாகி, பதட்டத்துக்குக் குடுக்கிற சாதாரண மாத்திரை கூட அதுல சரியா புடிக்க மாட்டேங்குது. அந்தப் பாகம் கூடாம தடுத்து வெச்சா எலி அப்படிப் பயப்படவும் இல்ல. எங்கம்மாவுக்கு டிரஸ்ஸர் (தோட்டத்து மருத்துவ உதவியாளர்) குடுத்த தூக்க மாத்திரை கேக்காம போனது இதனாலதான்னு நான் சொல்ல வரல, சொல்ல எனக்குத் தகுதி இல்ல. ஆனா "மாத்திரை முழுங்கியும் முழிச்சிட்டிருக்கா பாரு, நடிப்பு"ன்னு ஆயா சொன்னது மட்டும் எனக்கு இன்னும் காதுல கேக்குது.

பிரசவத்துக்கும் இதே கதைதான். மாசமா இருக்கிறப்ப அந்த அலோபிரெக்னனோலோன் ரத்தத்துல ரொம்ப ஏறி இருக்கும், பிள்ளை பொறந்த உடனே மளமளன்னு இறங்கும். பச்ச உடம்புக்காரி அழுதா, பிள்ளையைத் தொட மாட்டேன்னா, காத்து பட்டிருச்சுன்னு சொல்லுவோம். 2019ல அமெரிக்காவுல பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனச்சோர்வுக்குன்னே ஒரு மருந்துக்கு அனுமதி குடுத்தாங்க, பிரெக்சனோலோன், அது வேற ஒண்ணும் இல்ல, அதே அலோபிரெக்னனோலோன்தான், 60 மணி நேரம் டிரிப்ல ஏத்த வேண்டியிருந்துச்சு. 2023ல 14 நாள் சாப்பிடுற மாத்திரையாவே அதோட சொந்தக்கார மருந்து ஒண்ணு வந்துருச்சு. 1941ல தூங்கிப் போன எலியில ஆரம்பிச்சு இங்க வந்து நிக்குது. விலை நம்மால நெனச்சுக் கூட பாக்க முடியாது, அது வேற விஷயம்.

செரோடோனின், டோபமைன்னு மூளையில சேதி கடத்துற ரெண்டு ரசாயனம் பேர் கேட்டிருப்பீங்க, அதுக்கும் சினைப்பைக்கும் தொடர்பு உண்டு. சினைப்பை எடுத்த ரீசஸ் குரங்குக்கு ஈஸ்ட்ரோஜன் குடுத்தப்ப, செரோடோனின் தயாரிக்கிற நொதி இருக்கே, அதை உண்டாக்குற கட்டளை மூளையில கூடுச்சு. எலியில டோபமைன் அளவு சுத்துக்குச் சுத்து ஏறி இறங்குறதை அமெரிக்காவுல ஜில் பெக்கர்னு ஒரு அம்மா வருஷக்கணக்கா அளந்து காட்டியிருக்காங்க. இதுக்கு மேல நான் போகல, நம்ம மூளை குழம்பிடும்.

இப்ப எனக்குக் கோவம் வந்த இடத்துக்கு வர்றேன். இவ்வளவு நடக்குதுன்னு எலியில தெரிஞ்சும், ரொம்ப காலம் லேப்ல பெரும்பாலும் ஆம்பளை எலிதான் வெச்சிருந்தாங்களாம். 2011ல ஒரு கணக்கு வெளியாச்சு, மூளை நரம்பு ஆராய்ச்சியில ஒரே பாலை மட்டும் வெச்சு செஞ்சதுல பொம்பளை மிருகத்துக்கு ஒண்ணுன்னா ஆம்பளை மிருகத்துக்கு அஞ்சரை. கேட்டா என்ன காரணம் சொன்னாங்க தெரியுமா, பொம்பளை எலி நாளுக்கு ஒரு மாதிரி இருக்கும், கணக்கைக் கெடுத்துரும்னு. அப்படியே நம்ம ஆயா குரல்! அப்புறம் 2014ல 293 ஆராய்ச்சிக் கட்டுரையை எடுத்து வெச்சுப் பாத்தாங்க, பொம்பளை சுண்டெலி எந்த நாள்ல இருக்குன்னு பாக்காமலே சேத்தாலும் ஆம்பளை சுண்டெலியை விட அதிகமா ஒண்ணும் அலைபாயலன்னு தெரிஞ்சுது. 2016ல இருந்துதான் அமெரிக்க அரசு ஆராய்ச்சிப் பணம் வேணும்னா ரெண்டு பாலையும் கணக்குல எடுக்கணும்னு விதி வந்துச்சு. நேத்து மாதிரி இருக்கு, இல்லையா?

எலியில மட்டும் இல்ல. சோல்பிடெம்னு ஒரு தூக்க மாத்திரை, அது பொம்பளைங்க உடம்புல இருந்து மெதுவாத்தான் போகுது, காலையில கார் ஓட்டுறப்பவும் மிச்சம் இருக்கும். அதுக்காக 10 மில்லிகிராமை 5 ஆக்கச் சொல்லி அமெரிக்காவுல 2013லதான் சொன்னாங்க, மருந்து கடைக்கு வந்து இருபது வருஷம் கழிச்சு.

ஆனா ஐயா, இன்னொரு பக்கமும் சொல்லாட்டி நியாயம் இல்ல. எலி பொம்பளை ஆயிடாது. எலிக்கு மாதவிடாயே கிடையாது, ரத்தம் போகாது. வயசான எலிக்கு நமக்கு வர்ற மாதிரி மாதவிடாய் நிக்கிறதும் இல்ல, சுத்து கோணல் மாணலா ஆயி, பல எலிக்கு ஈஸ்ட்ரோஜன் பாட்டுக்கு இருந்துக்கிட்டே இருக்கும். லேப்ல பெரும்பாலும் பாக்கிறது சினைப்பையை வெட்டி எடுத்த எலி. அதனால அந்த ஆராய்ச்சி அம்பது வயசுல மெதுவா நின்னு போற என்னை விட, ஒரே நாள்ல ரெண்டையும் எடுத்துப் போட்ட எங்கம்மாவுக்குத்தான் கிட்ட வருது. இதை என் மக சொன்னப்ப நான் கொஞ்ச நேரம் பேசல. நாப்பது வருஷமா எங்கம்மாவுக்கு ஒரு சாட்சி கிடைக்காம இருந்துச்சு, கிடைச்சது கூண்டுக்குள்ள.

அப்புறம் இந்தப் பாசார் மாலாம்ல (ராத்திரி சந்தை) மைக் வெச்சு விக்கிறாங்களே, ஹார்மோனைச் சரி பண்ணும், ஒரு பாட்டில் 89 வெள்ளி, ரெண்டு எடுத்தா ஒண்ணு ஃப்ரீன்னு, அதுல ஏமாறாதீங்க. என் கூட்டாளி ஒருத்தி மூணு பாட்டில் குடிச்சா, வயிறு போனதுதான் மிச்சம். டாக்டர் குடுக்கிற ஹார்மோன் மருந்தே யோசிச்சுக் குடுக்கிற விஷயம். 2002ல அமெரிக்காவுல பெரிய ஆராய்ச்சி ஒண்ணுல ரெண்டு ஹார்மோனும் சேத்துக் குடுத்த பகுதியைப் பாதியில நிறுத்தினாங்க, மார்பகப் புற்றுநோய் கூடுதுன்னு. அதுல இருந்தவங்களுக்குச் சராசரி வயசு 63. மாதவிடாய் நின்ன கையோட ஆரம்பிக்கிறதும் பத்து வருஷம் கழிச்சு ஆரம்பிக்கிறதும் ஒண்ணு இல்லன்னு அப்புறம்தான் பேச ஆரம்பிச்சாங்க, எலியிலயும் அப்படித்தான், சினைப்பை எடுத்த உடனே ஈஸ்ட்ரோஜன் குடுத்தா ஞாபகத்துக்கு உதவுது, மாசக்கணக்குல விட்டுட்டுக் குடுத்தா உதவல. அதனால யாருக்கு, எப்ப, எவ்வளவுங்கிறது கிளினிக்ல உக்காந்து டாக்டரோட பேச வேண்டிய பேச்சு. நான் மருந்து சொல்ற ஆள் இல்ல.

இன்னும் ஒரு சங்கடம். ஹார்மோன்னு பேசினாலே, அப்ப பொம்பளையை மேனேஜர் ஆக்கலாமா, லாரி ஓட்ட விடலாமான்னு கிளம்பி வர்ற கூட்டம் ஒண்ணு இருக்கு. அவங்களுக்கு ஒண்ணுதான் சொல்வேன், ஆம்பளை எலிக்கும் ஹார்மோன் இருக்கு, அதுக்கும் மூளை இருக்கு, காயடிச்ச எலி எப்படி மாறுதுன்னும் ஆராய்ச்சி பண்ணி வெச்சிருக்காங்க, வேணும்னா அடுத்த வாரம் அதையும் எழுதுறேன்.

நம்ம பத்திரிகைக்கு ஒரு வேண்டுகோள். மகளிர் பக்கத்துல கோலப் போட்டியும் முகத்துக்கு மஞ்சளும் போடுறீங்க, நல்லது, நானும் படிக்கிறேன். கர்ப்பப்பை ஆபரேஷன்னா என்ன, சினைப்பையையும் சேத்து எடுக்கிறாங்களா, எதுக்கு எடுக்கிறாங்க, விட்டு வைக்க முடியுமா, எடுத்தா அடுத்த மாசம் உடம்புலயும் மனசுலயும் என்னென்ன வரலாம், கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி என்ன கேக்கணும், இதை ஒரு டாக்டரை வெச்சுத் தமிழ்ல ஒரு பக்கம் போடுங்க. பெரிய எழுத்துல போடுங்க, தோட்டத்துல இன்னும் கண்ணாடி மாத்தாத அக்காமாருங்க நெறைய பேரு இருக்காங்க. புருஷன்மாரும் படிக்கட்டும்.

எங்கம்மா 2009ல தவறிட்டாங்க. கடைசி வரைக்கும் அந்தக் கயிறு கையில இருந்துச்சு, நூல் இத்துப் போகப் போக அவங்களே புதுசு மாத்திக் கட்டிக்குவாங்க, ஏன்மா இன்னும்னு கேட்டா, "கட்டலைன்னா திரும்ப அப்படி ஆயிடுவேனோன்னு பயமா இருக்கு"ம்பாங்க. ஆபரேஷன் ஆனதாலதான் அப்படி ஆச்சுன்னு அவங்ககிட்ட சொல்ல அப்ப எனக்கே தெரியாது.

கடிதம் நீளமாப் போச்சு. எடம் பத்தலைன்னா குரங்கு வர்ற பகுதியை வெட்டிக்குங்க, எலியை வெட்டாதீங்க. போன்ல டைப் பண்ணது, பிழை இருந்தா திருத்திப் போடுங்க ஐயா.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் பாலர் பள்ளி டீச்சர்,
சுங்கை சிப்புட், பேராக்